உயிரோடு இருந்தும் நகராத விந்தணுக்கள்: விந்துப் பாய்மத்தைச் சோதித்த ஒரு நிகழ்வு ஆய்வு

திருமணமாகி நான்கு ஆண்டுகள், குழந்தைக்காக முயன்று மூன்று ஆண்டுகள் ஆன ஒரு தம்பதி. கணவருக்கு 35 வயது, மனைவிக்கு 31. மனைவியின் மாதவிடாய்ச் சுழற்சி ஒழுங்காக இருந்தது. கருமுட்டை வெளியாவது ஸ்கேனில் உறுதியாகியிருந்தது. கருக்குழாய்கள் இரண்டும் திறந்திருந்தன. கணவரிடம் பழைய விந்துப் பரிசோதனை அறிக்கைகள் மூன்று இருந்தன. மூன்றிலும் எண்ணிக்கை நன்றாக இருந்தது, நகர்வு மட்டும் மிகக் குறைவு. "நேரடியாக இக்ஸி செய்துவிடலாம்" என்று அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. அதைச் செய்யும் முன் இன்னொரு கருத்தையும் கேட்டுவிடலாம் என்றுதான் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார்கள். அவர்கள் யாரென்று தெரியாதபடி சில சொந்த விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.

இக்ஸி என்பது ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்துவது. எத்தனையோ பேருக்கு அது பெரிய வரம். ஆனால் அதில் விந்தணு எதையும் தானாகச் செய்யத் தேவையில்லை என்பதால், அது ஏன் நகரவில்லை என்ற கேள்வியைக் கேட்காமலேயே சிகிச்சையை முடித்துவிடலாம். இந்தத் தம்பதிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்ற வைத்தது பழைய அறிக்கை ஒன்றின் ஓரத்தில் கையால் எழுதியிருந்த ஒரு சொல்: "கெட்டியாக உள்ளது".

முதல் பரிசோதனை

மூன்று நாள் விந்து வெளியேறாமல் இருந்த பிறகு மாதிரியை ஆய்வகத்திலேயே கொடுக்கச் சொன்னோம். அளவு 4.2 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 4.8 கோடி விந்தணு, அதாவது மொத்தம் சுமார் 20 கோடி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் மொத்த எண்ணிக்கைக்கான கீழ் எல்லை 3.9 கோடி; இவருக்கு அதைப் போல ஐந்து மடங்கு. வடிவமும் குறைசொல்லும்படி இல்லை. முன்னோக்கிய நகர்வு மட்டும் 9 விழுக்காடு. அதற்கான கீழ் எல்லை 30.

சரி, நகராதவை இறந்துவிட்டனவா? சாய முறையில் பார்த்தோம். சவ்வு சிதையாமல் உயிரோடு இருந்தவை 81 விழுக்காடு. சிறிதளவாவது அசைந்தவற்றையும் சேர்த்தால் நகர்பவை 19 விழுக்காடுதான். அப்படியென்றால் பத்தில் ஆறு விந்தணுக்கள் உயிரோடு இருந்துகொண்டே அசையாமல் கிடந்தன. இந்த இடைவெளிதான் இந்த நிகழ்வின் மையம்.

இப்படி இடைவெளி வந்தால் முதலில் நினைவுக்கு வருவது வாலின் உள்ளமைப்பில் பிறவிக் குறை. அந்தக் குறை உள்ளவர்களில் பலருக்குச் சிறு வயதிலிருந்தே சளி, சைனஸ், நுரையீரல் தொல்லைகள் இருக்கும். இவருக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. அடுத்தது, விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்பொருள். அதற்கான சோதனையும் எதிர்மறையாக வந்தது. விந்தணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகவும் இல்லை.

மீதி இருந்தது விந்தணுக்கள் மிதந்துகொண்டிருந்த திரவம், அதாவது விந்துப் பாய்மம். இயல்பான விந்து வெளிவந்ததும் கூழ்போல உறையும். பிறகு 15 முதல் 30 நிமிடத்துக்குள் நீர்த்துவிடும். 60 நிமிடம் தாண்டியும் நீர்க்காவிட்டால் அது கோளாறு. இவருடைய மாதிரி 60ஆவது நிமிடத்திலும் கட்டிகட்டியாகவே இருந்தது. குழாயில் எடுத்துச் சொட்டவிட்டால் சொட்டாக விழாமல் 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழை இழுத்தது. 2 சென்டிமீட்டர் தாண்டினாலே பிசுபிசுப்பு அதிகம் என்று எழுத வேண்டும். கார அமிலத்தன்மை (pH) 8.2. வெள்ளையணுக்கள் மில்லிலிட்டருக்கு 26 லட்சம்; எல்லை 10 லட்சம். ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை போதுமான அளவு இருந்தது. துத்தநாகம் ஒரு முழு மாதிரிக்கு 1.2 மைக்ரோமோல், குறைந்தது 2.4 இருக்க வேண்டும்.

பழைய மூன்று அறிக்கைகளிலும் நீர்த்தல் நேரம், பிசுபிசுப்பு என்ற இரண்டு கட்டங்களும் நிரப்பப்படாமல் இருந்தன. எண்ணிக்கையையும் நகர்வையும் வடிவத்தையும் மட்டும் பார்க்கும் பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கடிகாரமும் ஒரு கண்ணாடிக் குழாயும் போதும்.

விந்துப் பாய்மம் என்ன செய்கிறது

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று புரிய, விந்து எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். விந்தின் அளவில் விந்தணுக்களின் பங்கு ஐந்து விழுக்காட்டைத் தாண்டாது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விந்துப் பைகளிலிருந்து வருகிறது; சுமார் கால் பங்கு புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது. இந்த இரண்டு சுரப்புகளும் உடலுக்குள் தனித்தனியாகவே இருக்கின்றன. வெளியேறும் அந்தச் சில நொடிகளில்தான் ஒன்று கலக்கின்றன. கலந்த கணமே வேதிவினை தொடங்கிவிடுகிறது.

விந்துப் பையின் சுரப்பில் செமினோஜெலின் என்ற புரதம் மிக அதிகம். வெளியே வந்ததும் கூழாக உறைவது அதனால்தான். புராஸ்டேட் சுரப்பில் துத்தநாகமும் பிஎஸ்ஏ என்ற நொதியும் உள்ளன. இரத்தப் பரிசோதனையில் புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கிறார்களே, அதே பிஎஸ்ஏ. அதன் இயல்பான வேலை செமினோஜெலினைத் துண்டு துண்டாக வெட்டிக் கூழைக் கரைப்பது. புராஸ்டேட்டுக்குள் இருக்கும்வரை துத்தநாகம் அந்த நொதியை அடக்கி வைத்திருக்கும். இரண்டு சுரப்பும் கலந்ததும் செமினோஜெலின் துத்தநாகத்தைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. பிடி தளர்ந்த நொதி விழித்துக்கொண்டு அந்தச் செமினோஜெலினையே வெட்டத் தொடங்குகிறது. உறைவை உண்டாக்கும் பொருளே அந்த உறைவைக் கரைக்கும் நொதியையும் விடுவித்துவிடுகிறது! எத்தனை முறை படித்தாலும் இந்த ஏற்பாடு என்னை வியக்க வைக்கிறது.

செமினோஜெலினின் வேலை கூழாக உறைவதோடு முடிவதில்லை. விந்தணுவின் மேற்பரப்பில் எப்பின் என்றொரு புரதம் இருக்கிறது. செமினோஜெலின் அதில் போய் ஒட்டிக்கொண்டால் வாலின் அடிப்பு தளர்ந்துவிடும். பிஎஸ்ஏ அதை வெட்டி அகற்றிய பிறகுதான் விந்தணு முழு வேகம் எடுக்கும். ஆக, நீர்க்காத விந்தில் விந்தணுவுக்கு இரட்டைத் தடை: வெளியே கெட்டியான கூழ், மேற்பரப்பில் இன்னும் வெட்டப்படாத செமினோஜெலின்.

துத்தநாகத்துக்கும் நேரடி வேலை உண்டு. இரத்தத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு துத்தநாகம் விந்தில் இருக்கிறது. மனித விந்தணுவின் வாலில் புரோட்டான்களை வெளியேற்றும் ஒரு வாயில் இருப்பதை 2010இல் கண்டுபிடித்தார்கள்; எச்வி1 என்று பெயர். அது திறந்தால் செல்லுக்குள் அமிலத்தன்மை குறையும். அது குறைந்தால் கேட்ஸ்பர் என்ற கால்சியம் வாயில் சுறுசுறுப்பாகும்; வால் அடிக்கும் வேகமும் வீச்சும் கூடும். துத்தநாகம் எச்வி1 வாயிலை அடைத்து வைக்கிறது. விந்துக்குள் இருக்கும்வரை விந்தணு தன் முழு ஆற்றலையும் செலவழிக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் மேலே ஏற ஏறச் சுற்றியுள்ள துத்தநாகம் குறைந்துகொண்டே போகும், வாயில் திறக்கும். எலி விந்தணுவில் இந்த வாயில் பெரிதாக வேலை செய்வதில்லை. விலங்குகளில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்திவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஏன் இந்த அடக்கி வைத்தல்?

விந்தில் ஃப்ரக்டோஸ் இருக்கிறது, ஆற்றலுக்கு. பைகார்பனேட் இருக்கிறது, புணர்ச்சிக்குப் பின் சில நொடிகளிலேயே யோனியின் அமிலத்தைத் தணிக்கிறது. கேட்டலேஸ் போன்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகள் இருக்கின்றன. இவையெல்லாம் விந்தணுவுக்கு உதவுபவை, புரிந்துகொள்ளலாம். அதே திரவத்தில் விந்தணுவைத் தடுக்கும் பொருள்களும் ஏன் இவ்வளவு இருக்க வேண்டும்?

விடை 1951இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் எம். சி. சாங்கும் ஆஸ்திரேலியாவில் சி. ஆர். ஆஸ்டினும் தனித்தனியாக ஒரே உண்மையைக் கண்டார்கள். வெளியேறிய விந்தணு உடனே கருமுட்டையைக் கருவுறச் செய்யாது; பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் இருந்த பிறகுதான் அந்தத் திறன் வரும். கெப்பாசிட்டேஷன் என்று இதைச் சொல்கிறோம். தமிழில் திறனேற்றம் என்று வைத்துக்கொள்வோம். 1957இல் சாங் இன்னொரு சோதனை செய்தார். திறனேற்றம் பெற்ற முயல் விந்தணுவை மறுபடியும் விந்துப் பாய்மத்தில் போட்டார். அது திறனை இழந்தது. அந்த இழப்பு நிரந்தரமல்ல என்பதும், பெண் உடலுக்குள் மறுபடியும் சில மணி நேரம் இருந்தால் திறன் திரும்புகிறது என்பதும் பின்னால் வந்த சோதனைகளில் தெரிந்தது. விந்துப் பாய்மத்தில் விந்தணுவை முந்திக்கொள்ளாமல் பிடித்து வைக்கும் ஏதோ இருக்கிறது என்பதற்கு அதுவே வலுவான ஆதாரம்.

அந்த "ஏதோ" ஒரே பொருளல்ல என்று இன்று தெரியும். விந்தணுவின் சவ்வில் கொலஸ்ட்ரால் நிறைய இருந்தால் சவ்வு இறுக்கமாக இருக்கும். விந்துப் பாய்மமே கொலஸ்ட்ரால் நிறைந்தது. புராஸ்டேட்டிலிருந்து வரும் நுண்பைகளான புராஸ்டசோம்கள் கொலஸ்ட்ராலைச் சுமந்து வந்து சவ்வை மேலும் உறுதியாக்குகின்றன. விந்துப் பையிலிருந்து வரும் கிளைகோடெலின் கொலஸ்ட்ரால் கழன்றுபோவதைத் தடுக்கிறது. பெண்ணின் பாதையில் ஆல்புமின் என்ற புரதம் கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுக்கும். பைகார்பனேட் உள்ளே போய் ஒரு நொதியைத் தூண்டும். அதனால் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி கூடும். புரதங்களில் பாஸ்பேட் ஏறும். கடைசியில் வால் சாட்டை சொடுக்குவது போல வீச்சோடு அடிக்கத் தொடங்கும். இந்த நிலை வெகுநேரம் நீடிக்காது. திறனேற்றம் பெற்ற விந்தணு சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும். கருமுட்டையோ எப்போது வந்து சேரும் என்று தெரியாது. விந்தணு பெண் உடலில் ஐந்து நாள்வரைகூடக் காத்திருக்கலாம். எல்லா விந்தணுவும் முதல் மணி நேரத்திலேயே உச்சத்துக்குப் போய்விட்டால், கருமுட்டை வரும்போது ஒன்றுகூட மிஞ்சாது. தள்ளிப்போடுவதும் கருவுறுதலுக்குச் செய்யும் உதவியே.

இந்தப் பிடிமானம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். செமினோஜெலினின் உறவுப் புரதமான எஸ்விஎஸ்2 இல்லாத ஆண் எலிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், அவற்றின் விந்தணுக்கள் கருப்பைக்குள்ளேயே பெருமளவில் செத்துப்போயின. கருக்குழாய் வரை போய்ச் சேர்ந்தவை மிக அரிது.

ஆனால் பிடித்து வைக்கும் திரவத்திலிருந்து விந்தணு சீக்கிரம் வெளியேறியும் ஆக வேண்டும். இயற்கையில் அது சில நிமிடங்களில் தொடங்கிவிடுகிறது; விந்தணுக்கள் கருப்பை வாய்ச் சளிக்குள் நுழைய, பாய்மம் கீழேயே தங்கிவிடும். குழாயில் வைத்த விந்து ஒரு மணி நேரம் தாண்டினாலே விந்தணுவின் நகர்வும் உயிர்ப்பும் குறையத் தொடங்கும். அதனால்தான் சிகிச்சைக்கான மாதிரியைச் சீக்கிரம் பிரித்தெடுக்கச் சொல்கிறார்கள். காளை விந்திலும் இதே கதைதான். அதன் விந்துப் பை தரும் பிஎஸ்பி புரதங்கள் திறனேற்றத்துக்கு உதவுபவை; அதே புரதங்களோடு நெடுநேரம் இருந்தால் சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறிக் கழன்றுபோகும். காளை விந்தைச் சேமிக்கும்போது முட்டை மஞ்சள் கருவைச் சேர்ப்பதில் ஒரு பயன் இந்தப் புரதங்களைக் கட்டிப்போடுவது.

இவரிடம் நடந்தது

இப்போது எண்களுக்குத் திரும்புவோம். ஃப்ரக்டோஸ் விந்துப் பையில் சுரப்பது; அது போதுமானது, எனவே விந்துப் பை வேலை செய்கிறது, செமினோஜெலினுக்கும் குறைவிருக்க வாய்ப்பில்லை. துத்தநாகம் பாதிதான், புராஸ்டேட் சுரப்பு குறைவு. புராஸ்டேட் சுரப்பு சற்றே அமிலத்தன்மை உள்ளது, விந்துப் பையின் சுரப்பு காரமானது, 8.2 என்ற அளவு அதே பக்கம்தான் கைகாட்டுகிறது. வெள்ளையணு அதிகம் என்பதால் எங்கோ அழற்சி இருக்கிறது. கூழ் உருவாக எல்லாம் இருந்தது, கரைக்க வேண்டியது போதவில்லை.

இதை உறுதிப்படுத்த அடுத்த முறை மாதிரியை இரண்டு பாத்திரங்களில் தரச் சொன்னோம். முதலில் வருவது ஒன்றில், பிறகு வருவது இன்னொன்றில். வழக்கமாக விந்தணுக்களில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்போடு முதல் பகுதியிலேயே வந்துவிடும்; விந்துப் பையின் சுரப்பு பின்னால் வரும். முதல் பகுதியில் வரும் விந்தணுக்களுக்கு நகர்வும் ஆயுளும் கூடுதல், மரபணுப் பொருளுக்குப் பாதுகாப்பும் கூடுதல். இவருக்கு முதல் பாத்திரத்தில் வந்தது அரை மில்லிலிட்டர்கூட இல்லை. விந்தணுக்களில் பெரும்பகுதி இரண்டாவது பாத்திரத்தில், கெட்டியான விந்துப் பைச் சுரப்புக்குள் சிக்கிக் கிடந்தது. ஒரே பாத்திரத்தில் கலந்து பார்த்திருந்தால் இது என்றைக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம் விந்தணுக்களைப் பாய்மத்திலிருந்து பிரித்துப் பார்த்தோம். வெள்ளையணு இவ்வளவு இருக்கும்போது வெறுமனே சுழற்றிக் கழுவக் கூடாது. வெள்ளையணுக்களும் விந்தணுக்களும் ஒரே குவியலாக அழுந்தினால், பாதுகாக்கும் பாய்மமும் இல்லாத அந்த நேரத்தில், வெள்ளையணுக்கள் வெளியிடும் தீவிர ஆக்சிஜன் பொருள்கள் விந்தணுக்களைத் தாக்கும். விந்தணுவில் சைட்டோபிளாசம் மிகக் குறைவு. தன்னைக் காத்துக்கொள்ளும் நொதிகளும் அதனால் குறைவு. அதன் சவ்விலோ எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் நிறைய. எனவே கெட்டியான மாதிரியை வளர்ப்பு ஊடகத்தோடு சம அளவில் கலந்து மென்மையாகத் தளர்த்தி, அடர்த்தி வேறுபட்ட திரவ அடுக்குகள் வழியே சுழற்றும் அடர்த்திப் படுகை முறையில் பிரித்தோம்.

பிரித்தெடுத்தவற்றில் முன்னோக்கிய நகர்வு 52 விழுக்காடு.

படுகை முறை நன்றாக நகர்பவற்றைத் தேர்ந்தெடுத்துத் தருவது வழக்கம் என்பதால் இந்த எண்ணை மட்டும் வைத்துத் திரவத்தின் மேல் பழி போட முடியாது. அதனால் பிரித்த விந்தணுக்களை மூன்றாகப் பங்கிட்டோம். ஒன்று ஆல்புமின் கலந்த வளர்ப்பு ஊடகத்தில். இன்னொன்று, செல்களை நீக்கிய அவருடைய சொந்த விந்துப் பாய்மத்தில். மூன்றாவது, ஒப்பீட்டுக்காக ஒப்புதலோடு பெற்று நோய்த்தொற்று இல்லை என்று உறுதிசெய்த, இயல்பாக நீர்த்த இன்னொருவரின் பாய்மத்தில். ஒரு மணி நேரம் கழித்து நகர்வு முறையே 50, 17, 43. சோதனை முடிந்ததும் இந்த விந்தணுக்களை அழித்துவிட்டோம். சிகிச்சைக்கு எதையும் பயன்படுத்தவில்லை.

மூன்று குழாய்களிலும் இருந்தவை ஒரே மனிதரின், ஒரே மாதிரியின், ஒரே தேர்வில் வந்த விந்தணுக்கள். அவரது பாய்மத்துக்குத் திரும்பியவை மட்டும் படுத்துவிட்டன. இன்னொருவரின் பாய்மம் சற்றே தளர்த்தியது, நிறுத்தவில்லை. அடக்கி வைப்பது எல்லா விந்துப் பாய்மத்துக்கும் பொது; இவருடையது பிடியை விடவில்லை.

முடிவை அவரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்படின்னா என் அணுக்கள் நல்லாத்தான் இருக்கா, மேடம்?" மூன்று ஆண்டுகளாக 9 விழுக்காடு என்ற எண்ணைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே சுமந்திருக்கிறார். அறிக்கை எழுதும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நகர்வு என்பது செல்லும் திரவமும் சேர்ந்து தரும் எண். அதைச் செல்லின் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல.

சிகிச்சை

சிறுநீரகவியல் மருத்துவர் புராஸ்டேட்டில் நாள்பட்ட அழற்சி இருப்பதாகக் கண்டார். விந்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் ஈ. கோலை என்ற பாக்டீரியா வந்தது. எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்த்து, அதற்கேற்ற நுண்ணுயிர்க்கொல்லியும் அழற்சி குறைக்கும் மருந்தும் கொடுத்தார். வெள்ளையணு கூடியவர்களுக்கெல்லாம் வளர்ப்புச் சோதனை செய்யாமலே நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெள்ளையணு இருந்தும் கிருமி எதுவும் வளராத மாதிரிகள் ஏராளம்.

இவர் ஏற்கெனவே ஓர் ஆண்டாகத் துத்தநாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இணையத்தில் படித்துவிட்டுத் தானே வாங்கியது. விந்தில் துத்தநாகம் குறைந்தது உணவில் குறைந்ததால் அல்ல, புராஸ்டேட் சுரக்காததால் என்று விளக்கினோம். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துச் செய்த பெரிய சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. ஆண்களுக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்தும் குழந்தைப் பேறு கூடவில்லை. விந்தின் தரமும் உயரவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டார்.

மூன்று மாதம் கழித்து வெள்ளையணு 6 லட்சத்துக்கு இறங்கியது. துத்தநாகம் 2.5க்கு ஏறியது. விந்து 45 நிமிடத்தில் நீர்த்தது. இயல்பான வேகத்துக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் 60 நிமிட எல்லைக்குள். முன்னோக்கிய நகர்வு 27 விழுக்காடு. எல்லையான 30ஐத் தொடவில்லை. இந்த நிலையில் இயற்கையாகவே காத்திருக்கலாமா, கழுவிய விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ செய்யலாமா, ஆய்வகத்தில் கருவுறச் செய்யும் ஐவிஎஃப் போகலாமா என்று மூன்று வழிகளையும் தம்பதியிடம் வைத்தோம். காத்திருந்தது போதும் என்று மனைவி சொன்னார். ஐயுஐ என்று முடிவானது.

ஐயுஐக்குக் கழுவாத விந்தைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள புராஸ்டாகிளாண்டின்கள் கருப்பையைக் கடுமையாகச் சுருங்க வைக்கும். கிருமியும் நேராக உள்ளே போகும். இவரைப் பொறுத்தவரை கழுவுவதற்கு மூன்றாவது காரணமும் இருந்தது. மாதிரி வந்த அரை மணிக்குள், நீர்க்கும்வரை காத்திராமல், ஊடகம் கலந்து பிரிக்கத் தொடங்கினோம். இன்னும் வெட்டப்படாத செமினோஜெலினோடு விந்தணுக்கள் கழிக்கும் நேரத்தைக் குறைப்பதே நோக்கம். கெட்டி விந்தைக் கரைக்க புரோமெலைன் போன்ற தாவர நொதிகளைப் பயன்படுத்துவதுண்டு. அவை விந்தணுவின் மேற்பரப்புப் புரதங்களையும் வெட்டக்கூடும் என்பதால் சிகிச்சை மாதிரியில் நான் அவற்றைத் தவிர்க்கிறேன்.

முதல் சுழற்சியில் கரு தங்கவில்லை. இரண்டாவதில் தங்கியது. நிறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது.

இந்த நிகழ்வால் சொல்ல முடிந்ததும் முடியாததும்

கழுவியதால் கரு தங்கியதா, மருந்தால் புராஸ்டேட் தேறியதால் தங்கியதா, இரண்டும் சேர்ந்தா என்று ஒரே ஒரு நிகழ்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்துக்குப் பிறகு ஓர் ஆண்டு காத்திருந்தால் தானாகவே தங்கியிருக்கவும் கூடும். அவருடைய பாய்மத்தில் விந்தணுவை நிறுத்தியது செமினோஜெலின்தான் என்பது சுற்றுச் சான்றுகளிலிருந்து நான் எடுக்கும் முடிவு. பிஎஸ்ஏயின் செயல்பாட்டையோ வெட்டப்படாத செமினோஜெலினையோ நேரடியாக அளக்கவில்லை. வெள்ளையணுக்கள் விட்டுச்சென்ற ஆக்சிஜனேற்றப் பொருள்களும் 17 விழுக்காட்டுக்குப் பங்களித்திருக்கலாம். மூன்று குழாய்ச் சோதனையில் அதைப் பிரித்தறிய, அவரது பாய்மத்தோடு பிஎஸ்ஏயைச் சேர்த்த நான்காவது குழாய் ஒன்று தேவைப்பட்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விந்துப் பாய்மம் இல்லாமலே கருவுறுதல் நடக்கும். விந்தகத்திலிருந்தும், விந்தணுக்கள் முதிரும் குழாயான எபிடிடிமிஸிலிருந்தும் நேரடியாக எடுத்த விந்தணுவால் குழந்தைகள் பிறக்கின்றன. அதனால் "பாய்மம் வெறும் வாகனம்" என்று சொல்பவர்கள் உண்டு. ஆய்வகத்தில் நாம் பல ஆயிரம் விந்தணுக்களைக் கருமுட்டையின் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுகிறோம். கருப்பை வாய், கருப்பை, கருக்குழாய் என்ற நெடும்பாதை அங்கே கிடையாது. அந்தப் பாதையில் நடந்து போக வேண்டிய தம்பதிக்கு, பாய்மம் எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதே எல்லாம்.

இதற்குப் பிறகு எங்கள் அறிக்கைப் படிவத்தில் நீர்த்தல் நேரம், இழை நீளம், கார அமிலத்தன்மை மூன்றையும் நிரப்பாமல் கையெழுத்திடுவதில்லை. நகர்வு குறைந்து உயிர்ப்பு உயர்ந்திருந்தால், அந்த மாதிரியில் ஒரு பங்கைப் பாய்மத்திலிருந்து பிரித்து மறுபடியும் நகர்வைப் பார்த்துவிட்டுத்தான் அறிக்கை தருகிறோம். அந்தத் தம்பதி இரண்டாவது குழந்தைக்குத் தயாராகும்போது நேராக ஐயுஐக்கு வர வேண்டாம், முதலில் விந்து எத்தனை நிமிடத்தில் நீர்க்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களுடைய கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.